‘வீட்டுல ஓடுச்சு மேடம்’: லினக்ஸில் ஓட மறுக்கும் புரோகிராமை ஓட வைப்பது

ஒரு பாலிடெக்னிக்கின் கம்ப்யூட்டர் லேபில் 12 வருடமாக இருக்கிறேன். புராஜெக்ட் ரிவ்யூ அன்று காலை என் மேசைக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கும். எல்லோர் வாயிலும் ஒரே வசனம்: “வீட்டுல ஓடுச்சு மேடம்.” யாரும் பொய் சொல்வதில்லை. வீட்டில் ஓடியதுதான். பென்டிரைவில் ஏறி, பஸ்ஸில் வந்து, லேப் கம்ப்யூட்டரில் இறங்கியதும் மக்கர் பண்ணுகிறது.

போன செமஸ்டரில் வந்த ஒரு பையனை வைத்தே இதைச் சொல்கிறேன். ஒரே காலைப்பொழுதில் அவனுடைய புரோகிராம் ஐந்து விதமாக ஓட மறுத்தது. அப்பாவின் மளிகைக் கடைக்குப் பில் போடும் சி புரோகிராம், பெயரே ‘பில்’. கணக்குப் போடும் பகுதியை மட்டும் ‘லிப்கணக்கு.எஸ்ஓ’ என்று தனி லைப்ரரியாகப் பிரித்து வைத்திருந்தான். இரண்டாம் வருடப் பையனுக்கு அது பெரிய காரியம். வீட்டில் உபுண்டு லினக்ஸின் 24.04 பதிப்பு. எங்கள் லேபில் இன்னும் 20.04. மாற்றச் சொல்லி நான் கடிதம் கொடுத்த கதை தனி.

கட்டளைகளைப் போனில் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். கீபோர்டில் ஆங்கில எழுத்தாக அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், மறுத்தது யார்?

வந்து நிற்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இது. கல்யாண மண்டபத்தில் வாசலிலேயே நிறுத்தப்பட்டவரும் பந்தியில் இலை கிடைக்காதவரும் ‘சாப்பிடலை’ என்றுதான் சொல்வார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் செய்ய முடியாது.

நீங்கள் புரோகிராமின் பெயரை அடித்து என்டர் தட்டியதும் அது நான்கு கை மாறுகிறது. பாஷ் என்கிற ஷெல் ஃபைலைத் தேடுகிறது. லினக்ஸின் மையமான கர்னல் அதைத் திறந்து, ஓடக்கூடியதுதானா என்று பார்க்கிறது. பிறகு லோடர் வந்து தேவையான லைப்ரரிகளைச் சேர்க்கிறது. கடைசியில்தான் நீங்கள் எழுதிய மெயினுக்கு முறை வருகிறது. எரர் வரி ‘பாஷ்:’ என்று தொடங்கினால் தடை முதல் இரண்டு கைகளில். கர்னல் மறுத்தாலும் அதை நமக்கு வந்து சொல்வது ஷெல்தான். உங்கள் புரோகிராமின் பெயரில் தொடங்கி ‘எரர் வைல் லோடிங்’ என்று போனால் லோடர். ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தனக்கு அனுமதியில்லாத மெமரியைத் தொட்டு விழுவது) என்றால் சந்தோஷப்படுங்கள். புரோகிராம் ஓட ஆரம்பித்துவிட்டது, விழுந்தது அதற்குப் பிறகு.

எதுவுமே சொல்லாமல் நின்றுவிட்டால், உடனே அடுத்த வரியில்

எக்கோ $?

என்று அடியுங்கள். 127 என்றால் ஃபைலோ லைப்ரரியோ கிடைக்கவில்லை. 126 என்றால் ஃபைல் கிடைத்தது, ஓட்ட முடியவில்லை. 128-க்கு மேல் வந்தால் 128-ஐக் கழித்துவிடுங்கள், மீதி சிக்னல் எண். 139 என்றால் 11, அதாவது செக்மென்டேஷன் ஃபால்ட். 137 என்றால் 9, யாரோ கொன்றுவிட்டார்கள். மெமரி தீர்ந்து கர்னலே கொன்றிருக்கலாம். ‘டிஎம்இஎஸ்ஜி’ கட்டளையின் கடைசி வரிகளில் அதற்கான வாக்குமூலம் கிடைக்கும்.

கமாண்ட் நாட் ஃபவுண்ட்

பையன் பென்டிரைவ் ஃபோல்டருக்குள் போய் ‘பில்’ என்று அடித்தான். ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. வீட்டில் அவன் எடிட்டரின் ரன் பட்டனைத்தான் தட்டிக்கொண்டிருந்தான். டெர்மினலில் அடித்ததே இல்லை.

விண்டோஸின் பழைய கமாண்ட் ப்ராம்ப்ட் நாம் நிற்கும் ஃபோல்டரில் முதலில் தேடும். லினக்ஸ் ஷெல் அப்படித் தேடாது. பாத் என்ற பட்டியலில் உள்ள இடங்களில் மட்டும்தான் தேடும். நல்லதுக்குத்தான். இல்லையென்றால் யாராவது ஒரு பொது ஃபோல்டரில் ‘எல்எஸ்’ என்ற பெயரில் விஷமம் ஒன்றை வைத்துவிட்டுப் போக, நீங்கள் ஃபைல் பட்டியல் பார்க்க அப்பாவியாக எல்எஸ் அடித்து மாட்டிக்கொள்வீர்கள். எனவே ‘இங்கே இருக்கிறதை’ என்று கைகாட்ட வேண்டும்:

./பில்

ஒரு வேடிக்கையும் உண்டு. முதல் புரோகிராமுக்கு ‘டெஸ்ட்’ என்று பெயர் வைக்காத பிள்ளை இல்லை. ‘டெஸ்ட்’ என்று அடித்தால் எரரும் வராது, வெளியீடும் வராது. பாஷுக்குள்ளேயே அந்தப் பெயரில் ஒரு கட்டளை இருக்கிறது. அதுதான் ஓடிவிட்டு வாய்மூடிப் போகிறது. பிரின்ட்எஃப் வேலை செய்யவில்லை என்று அரை மணி நேரம் அழுத ஒருத்தியை எனக்குத் தெரியும்.

பெர்மிஷன் டினைட்

./ போட்டதும் அடுத்த மறுப்பு இது. ‘எல்எஸ் -எல் பில்’ அடித்தால் வரியின் தொடக்கத்தில் அனுமதி எழுத்துகள் தெரியும். அதில் எக்ஸ் இல்லையென்றால் ஓட்ட அனுமதி இல்லை.

சிஎச்மாட் +எக்ஸ் பில்

பையனுக்கு இது தெரிந்திருந்தது. அடித்தான், எரர் வரவில்லை. மறுபடி ஓட்டினான். மறுபடியும் பெர்மிஷன் டினைட். மூன்று தடவை சிஎச்மாட் அடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தான்.

குற்றவாளி பென்டிரைவ். கடையில் வாங்கும் பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் வகையில்தான் வருகின்றன. லினக்ஸின் அனுமதி எழுத்துகளை எழுதி வைக்க அவற்றில் இடமே கிடையாது. மவுண்ட் ஆகும்போது, அதாவது சிஸ்டத்தோடு இணையும்போது, என்ன அனுமதி தரப்பட்டதோ அதுதான் எல்லா ஃபைலுக்கும். உபுண்டு டெஸ்க்டாப்பில் ஃபேட்32 பென்டிரைவைச் சொருகினால் .இஎக்ஸ்இ, .காம், .பேட் என்று முடியும் ஃபைல்களுக்கு மட்டும்தான் எக்ஸ் கிடைக்கும். சிஎச்மாட் அடித்தால் கர்னல் தலையாட்டிவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும். அட்மின் அதிகாரம் தரும் சூடோ போட்டாலும் பலன் இல்லை. எக்ஸே இல்லாத ஃபைலை ரூட் என்கிற அட்மினாலும் ஓட்ட முடியாது. எதற்கெடுத்தாலும் சூடோ போடும் கைகளுக்கு இது நல்ல பாடம்.

வழி சுலபம். ஃபோல்டரை அப்படியே ஹோமுக்குக் காப்பி செய்து, அங்கே வைத்து சிஎச்மாட் அடியுங்கள். எக்ஸ் இருந்தும் இதே மறுப்பு வந்தால், அந்த இடமே ‘நோஎக்ஸெக்’ என்று மவுண்ட் ஆகியிருக்கலாம். சில சர்வர்களில் டெம்ப் ஃபோல்டரை அப்படித்தான் வைத்திருப்பார்கள். ‘ஃபைண்ட்எம்என்டி -டி .’ அடித்தால் தெரியும், டேபிளில் வரும் டி, பெரிய எழுத்து.

லைப்ரரியைக் காணோம்

காப்பி செய்து அனுமதியும் கொடுத்தாயிற்று. இப்போது குரல் மாறியது. வரி ‘./பில்:’ என்று தொடங்கியது: ‘எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரீஸ்: லிப்கணக்கு.எஸ்ஓ: கேனாட் ஓப்பன் ஷேர்ட் ஆப்ஜெக்ட் ஃபைல்’.

“மேடம், அது பக்கத்துலயே இருக்கு மேடம்!” இருந்தது. அதே ஃபோல்டரில், கண்ணெதிரே.

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். கம்பைல் செய்யும்போது கொடுத்த ‘-எல் .’ லிங்கருக்கு மட்டும் சொன்ன சேதி. அது ஃபைலுக்குள் பதிவாகாது. ஓடும்போது தேடுவது லோடர், அது வேறு ஆள். புரோகிராமிலேயே பதிந்த பாதை, எல்டி_லைப்ரரி_பாத் (முழுக்கப் பெரிய எழுத்து) என்ற மாறி, எல்டிகான்ஃபிக் தயாரித்து வைத்த பட்டியல், பிறகு சிஸ்டத்தின் வழக்கமான லிப் ஃபோல்டர்கள் என்று அதற்கென்று ஒரு தேடும் வழி உண்டு. நாம் நிற்கும் ஃபோல்டர் அதில் இல்லை.

எது கிடைக்கவில்லை என்று மொத்தமாகப் பார்க்க:

எல்டிடி ./பில்

‘நாட் ஃபவுண்ட்’ என்று வரும் வரிகள்தான் பாக்கி. யாரோ அனுப்பிய, நம்பிக்கை இல்லாத ஃபைலுக்கு மட்டும் எல்டிடி வேண்டாம். சில நேரம் அது ஃபைலையே ஓட்டிவிடும். அதற்குப் பதில் ‘ரீட்எல்ஃப் -டி’ (டாலரில் வரும் டி, சின்ன எழுத்து) போட்டு ‘நீடட்’ என்ற வரிகளைப் பாருங்கள்.

வீட்டில் எப்படி ஓடியது? கிளறினால், மூன்று மாதத்துக்கு முன் யாரோ சொன்னதைக் கேட்டு, பாஷ் தொடங்கும்போதெல்லாம் படிக்கும் பாஷ்ஆர்சி ஃபைலில் எல்டி_லைப்ரரி_பாத்தை எழுதிவிட்டு மறந்திருக்கிறான். அதனால்தான் அந்த மாறியை நான் சோதனைக்கு மட்டும் அனுமதிப்பேன், ஒரே ஒரு தடவைக்கு, அதே வரியில்:

எல்டி_லைப்ரரி_பாத்=. ./பில்

நிரந்தர வழி, பாதையைப் புரோகிராமுக்குள்ளேயே பதிந்துவிடுவது. கம்பைல் வரியில் இதைச் சேர்க்க வேண்டும்:

-டபிள்யூஎல்,-ஆர்பாத்,'$ஒரிஜின்'

டபிள்யூ பெரியது, எல் சின்னது, ஒரிஜின் முழுக்கப் பெரிய எழுத்து. ‘புரோகிராம் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அங்கேயே தேடு’ என்று பொருள். ஒற்றை மேற்கோள் கட்டாயம். விட்டால் ஷெல் அந்த டாலர் குறியைப் பார்த்து, அது தன்னுடைய மாறி என்று நினைத்து விழுங்கிவிடும்.

லைப்ரரியைச் சிஸ்டத்துக்கே பொதுவாக யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்பில் நிறுவியிருந்தால், உபுண்டுவிலும் டெபியனிலும் ‘சூடோ எல்டிகான்ஃபிக்’ ஒரு தடவை அடித்தால் போதும். ஃபெடோராவில் அந்த ஃபோல்டரே பட்டியலில் இருக்காது. எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி ஃபோல்டரில் ஒரு ஃபைல் போட்டு, அதில் பாதையை எழுதிவிட்டு எல்டிகான்ஃபிக் அடிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு லைப்ரரியின் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 இல்லை என்று எரர் வந்தால், 3-ஆம் பதிப்புக்கு 1.1 என்று பெயர் வைத்து ஒரு லிங்க் போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். பதிப்பு எண் மாறியிருப்பதே உள்ளே விஷயம் மாறிவிட்டது என்று சொல்லத்தான். உபுண்டு 22.04-இல் இருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் 3தான் வருகிறது. பழைய புரோகிராமை அதற்கேற்ப மறுபடி கம்பைல் செய்வதே முறை.

ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்

லைப்ரரி கிடைத்ததும் பையன் முகம் மலர்ந்தது. அரை வினாடிதான். ‘./பில்: லிப்சி.எஸ்ஓ.6: வெர்ஷன் ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்’.

ஜிலிப்சி என்பது சி மொழியின் அடிப்படை லைப்ரரி. பிரின்ட்எஃப், மாலக், ஃப்ஓப்பன் எல்லாம் குடியிருக்கும் வீடு. உபுண்டு 20.04-இல் இருப்பது 2.31, 22.04-இல் 2.35, 24.04-இல் 2.39. உங்கள் கம்ப்யூட்டரில் எது என்று பார்க்க ‘எல்டிடி --வெர்ஷன்’ அடித்து முதல் வரியைப் படியுங்கள். பழைய ஜிலிப்சியில் கம்பைல் செய்தது புதியதில் ஓடும். புதியதில் செய்தது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது.

“நான் புதுசா எதையும் யூஸ் பண்ணலையே மேடம், வெறும் பிரின்ட்எஃப்தான்” என்றான். நியாயமான கேள்வி. 2021 ஆகஸ்டில் வந்த 2.34-இல், அதுவரை தனியாக இருந்த பித்ரெட் முதலிய லைப்ரரிகளை ஜிலிப்சிக்குள்ளேயே இணைத்துவிட்டார்கள். மெயினைக் கூப்பிட்டுத் தொடங்கி வைக்கும் ஃபங்ஷனுக்கும் அதே பதிப்பில் புது முத்திரை விழுந்தது. மெயின் இல்லாத சி புரோகிராம் எங்கே இருக்கிறது? ஆகவே 22.04-இல் வழக்கம்போல் கம்பைல் செய்த ஹலோ வேர்ல்ட் கூட 20.04-இல் இதே வரியைச் சொல்லி நின்றுவிடும்.

மருந்து: எங்கே ஓட வேண்டுமோ அங்கே கம்பைல் செய்யுங்கள். பல இடங்களில் ஓட வேண்டுமென்றால், அவற்றில் எது மிகப் பழையதோ அதில். பழைய கம்ப்யூட்டர் கையில் இல்லாவிட்டால் டாக்கரில் (ஒரு சிஸ்டத்துக்குள் இன்னொன்றைத் தனியாக ஓட்டும் கருவி) உபுண்டு 20.04 எடுத்து அதற்குள் கம்பைல் செய்யலாம். சின்ன புரோகிராம் என்றால் ‘-ஸ்டாட்டிக்’ போட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கட்டிவிடலாம். 16 கேபி இருந்த ஹலோ வேர்ல்ட் 800, 900 கேபிக்கு ஊதிவிடும், பரவாயில்லை. ஆனால் உங்கள் சொந்த லைப்ரரிக்கும் இப்படிக் கட்டுவதற்கான .ஏ வடிவம் இருக்க வேண்டும்.

இணையத்தில் இருந்து புதிய லிப்சி.எஸ்ஓ.6-ஐ இறக்கி பழையதன் மேல் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். எல்எஸ், சிபி, சூடோ எல்லாமே அந்த ஒரு ஃபைலை நம்பித்தான் நிற்கின்றன. எங்கள் லேபில் ஒருவன் செய்தான். அடுத்த நொடியில் இருந்து எந்தக் கட்டளையும் ஓடவில்லை; திருப்பிப் போட சிபியும் இல்லை. லைவ் யூஎஸ்பி போட்டு என் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அதைச் சரிசெய்தேன்.

பையனிடம் நல்லவேளையாக சோர்ஸ் இருந்தது. லைப்ரரியையும் சேர்த்து இங்கேயே கம்பைல் செய்தோம்:

ஜிசிசி -ஜி பில்.சி -எல். -எல்கணக்கு -டபிள்யூஎல்,-ஆர்பாத்,'$ஒரிஜின்' -ஓ பில்

இதில் முதல் எல் பெரியது, இரண்டாவது சின்னது.

செக்மென்டேஷன் ஃபால்ட்

கடைசிக் கை. இப்போது தவறு நம்முடையது. இங்கே முதலில் ஒரு மாயையைக் கலைக்க வேண்டும்: “முதல் வரியிலேயே பிரின்ட்எஃப் வச்சிருக்கேன், அதுவே வரலை, அப்ப உள்ளேயே போகலை.” அப்படி இல்லை. வரி முடிவில் \என் இல்லையென்றால் எழுத்துகள் பஃபரில் காத்திருக்கும். புரோகிராம் விழும்போது அவையும் சேர்ந்து போய்விடும்.

-ஜி போட்டு கம்பைல் செய்திருப்பதால் பிழை தேடும் கருவியான ஜிடிபியைக் கூப்பிடலாம்: ‘ஜிடிபி ./பில்’, பிறகு ‘ரன்’, விழுந்ததும் ‘பிடி’. பேக்ட்ரேஸ் என்பதன் சுருக்கம், ஆனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை மறக்கவே முடியாது. பிடித்தால் எந்த வரியில் விழுந்தது என்று காட்டும். அவனுக்கு 41-ஆம் வரியைக் காட்டியது, எஃப்கெட்ஸ். சரக்கு விலைப்பட்டியல் ஃபைலைத் திறந்து படிக்கும் இடம்.

ஃபைலைத் திறக்க முடிந்ததா என்று அவன் சோதிக்கவில்லை. எதைத் திறக்கப் பார்த்தது என்று அறிய:

எஸ்ட்ரேஸ் -இ ஓப்பன்அட் ./பில்

வரிசையாக ஓடிய வரிகளின் கடைசியில் அவன் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹோம் ஃபோல்டர் முழுப் பாதையும் தெரிந்தது, பக்கத்தில் ‘ஈனோஎன்ட்’, அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று பொருள். சோர்ஸுக்குள் தன் பெயர் உள்ள பாதையை அப்படியே எழுதி வைத்திருக்கிறான். லேப் கம்ப்யூட்டரில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. ஃப்ஓப்பன் ‘நல்’ (எதையும் சுட்டாத வெற்று முகவரி) திருப்பித் தந்தது, அதை எஃப்கெட்ஸ் கையில் கொடுத்தான், விழுந்தது. எனக்கு ஒரே ஒரு கருவிதான் என்று கட்டுப்பாடு வைத்தால் எஸ்ட்ரேஸைத்தான் எடுத்துக்கொள்வேன்.

மெயினுக்குள் நுழைந்தவுடன் விழும் இன்னொரு வகை, பெரிய அரே. ஃபங்ஷனுக்குள் 2000-க்கு 2000 இன்ட் அரே என்றால் 1 கோடியே 60 லட்சம் பைட். ‘யூலிமிட் -எஸ்’ அடித்துப் பாருங்கள், 8192 என்று வரும். ஸ்டாக்குக்கு 8 எம்பிதான். அரேயை வெளியே வையுங்கள் அல்லது மாலக் செய்யுங்கள். ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று விழுந்தால் கம்பைல் வரியில் ‘-மார்ச்=நேட்டிவ்’ இருக்கிறதா என்று தேடுங்கள். புது பிராசஸருக்கென்று செய்ததைப் பழைய பிராசஸர் புரிந்துகொள்ளாது.

இருக்கிற ஃபைலை இல்லை என்பது

பையனுக்கு வராத, ஆனால் எல்லோரையும் குழப்பும் ஒன்று பாக்கி. எல்எஸ் அடித்தால் ஃபைல் தெரியும். ஓட்டினால் ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’. கர்னல் இல்லை என்பது உங்கள் ஃபைலை அல்ல. அதற்குள் குறிப்பிட்டிருக்கும் லோடரை. பாஷ் 5.2 வந்த பிறகு இந்த வரி ‘ரிக்வயர்ட் ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று கொஞ்சம் நாகரிகமாக மாறியிருக்கிறது.

ஃபைல் ./பில்

என்று அடியுங்கள். கட்டளையின் பெயரே ஃபைல்தான். 32-பிட் என்று காட்டினால், அக்காவின் பழைய லேப்டாப்பில் கம்பைல் செய்ததாக இருக்கும். உபுண்டுவில் ‘டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386’ கொடுத்து, அப்டேட் செய்து, ‘லிப்சி6:ஐ386’ நிறுவினால் லோடர் வந்துவிடும். எல்டி-மஸ்ல் என்று காட்டினால் அது ஆல்பைன் லினக்ஸில் பிறந்தது. இங்கே மறுபடி கம்பைல் செய்வதே சுருக்கு வழி. ஷெல் ஸ்கிரிப்டுக்கு இந்த எரர் வந்தால், விண்டோஸில் சேமித்த ஃபைல். ‘டாஸ்2யூனிக்ஸ்’ போட்டால் தீர்ந்தது.

‘எக்ஸெக் ஃபார்மாட் எரர்’ என்றாலும் ஃபைல் கட்டளைதான் பதில் சொல்லும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் செய்ததை லேப் பிசியில் ஓட்டப் பார்த்தால் ‘ஆர்ம்’ என்று காட்டும். ‘ரீலொகேட்டபிள்’ என்று காட்டினால், ஜிசிசியில் ‘-சி’ போட்டு பாதியில் நிறுத்திய ஆப்ஜெக்ட் ஃபைலுக்குப் போய் சிஎச்மாட் அடித்திருக்கிறீர்கள். இன்னும் லிங்க் ஆகவில்லை. ராஸ்பெர்ரி பையில் மட்டும் ‘யூநேம் -எம்’ சொல்வதை முழுதாக நம்ப வேண்டாம். கர்னல் 64-பிட்டாக இருந்து மேலே உள்ள சிஸ்டம் 32-பிட்டாக இருப்பதுண்டு. ‘கெட்கான்ஃப் லாங்_பிட்’ உண்மையைச் சொல்லும், லாங்_பிட் முழுக்கப் பெரிய எழுத்து.

என்னிடம் வருவதற்கு முன் ஒரு உதவி: எரரைச் சுருக்கிச் சொல்லாதீர்கள். அடித்த கட்டளையும் வந்த பதிலும் ஒரே போட்டோவில் தெரிகிற மாதிரி போனில் எடுத்து வாருங்கள். பென்டிரைவில் புரோகிராமோடு சோர்ஸையும் கம்பைல் செய்த வரியையும் வையுங்கள்.

பையன் பாதையைத் திருத்தி, நல் சோதனையும் சேர்த்து, மறுபடி கம்பைல் செய்தான். ஓடியது. துவரம்பருப்பு, சீனி, டீத்தூள் என்று அழகாக வரிசை வந்தது. கீழே மொத்தத்தில் தள்ளுபடியைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“ஓடலைன்னா என்கிட்ட வா தம்பி. தப்பா ஓடுச்சுன்னா உன் கைடுகிட்ட போ” என்று அனுப்பிவிட்டு, வரிசையில் அடுத்தவளைக் கூப்பிட்டேன்.